கண்ணு தெரியுதான்னு கேட்டுட்டு வா

ஜெயிலுக்கு ஆள் பார்க்கப் போவதும் ஒரு உத்தியோகம்தான். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ஒரு மாசம் போகாவிட்டால் மட்டும் ஊரே வந்து கேள்வி கேட்கும். நான் அந்த உத்தியோகத்தைப் பதினோரு மாசம் பார்த்தேன். உங்களில் யாருக்காவது உள்ளே ஆள் இருந்தால் நான் சொல்வது பாதி சொல்லும்போதே புரிந்துவிடும். இல்லாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். நீங்களும் படியுங்கள், ஒன்றும் குறைந்துபோகாது.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது, அதனால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஆமத்தூரிலிருந்து நடந்து போகிற தூரம். ஊர்ப் பொங்கலுக்கு லைசென்ஸ் இல்லாமல் வெடி செய்தார்கள் மூன்று பேர். ஒருத்தன் என் அண்ணன் மாரியப்பன். இன்னொருத்தர் எங்கள் தெரு சுடலை. மூன்றாவது ஆள் நிலக்காரர் வீட்டு மகன். அவருக்கு வேறு பேர் உண்டு, எங்கள் தெருவில் எல்லோருக்கும் சின்னய்யாதான். அவர் வீட்டுக் கிணற்றடிக் கொட்டகையில்தான் வேலை நடந்தது. அண்ணன் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவன். தொழில் தெரிந்த திமிரில் இறங்கிவிட்டான். கொட்டகைக் கூரை பறந்து பக்கத்துப் புஞ்சையில் விழுந்தது. ஒரு கன்றுக்குட்டி செத்தது. ஆள் யாரும் சாகவில்லை. அண்ணன் முகத்தில் மட்டும் நெருப்பு அடித்தது. கண்ணில் கட்டோடு கோர்ட்டில் நின்றான். மூன்று பேருக்கும் ஒரு வருஷம் போட்டார்கள்.

ஜெயில் வாசலை மிதிக்க மாட்டேன் என்று அம்மா கோர்ட்டு வாசலிலேயே சத்தியம் பண்ணிவிட்டாள். அப்பா கிடையாது. நான் எட்டாவதோடு நின்றவள். கணக்கு வாத்தியார் ஒரு நாள் என்னை அடித்தார், நான் நோட்டை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன், அவ்வளவுதான் என் படிப்பு. இருந்தாலும் எழுதப் படிக்க வரும். ஆகையால் உத்தியோகம் என் தலையில் விழுந்தது. மாசம் ஒரு நாள் தீப்பெட்டிக் கம்பெனிக்கு மட்டம் போட்டுவிட்டு, விடியுமுன் ஆமத்தூருக்கு நடந்து, பஸ் பிடித்து விருதுநகர் போய், அங்கிருந்து ஜெயில் இருக்கிற ஊருக்கு ரயில். கிளம்பும்போது அம்மா தீக்குச்சி அடுக்குகிற மரச் சட்டத்திலிருந்து தலையைத் தூக்காமல் ஒரே ஒரு வேலை சொல்வாள். கண்ணு தெரியுதான்னு கேட்டுட்டு வா.

தெரிந்தால் பட்டாசுக் கம்பெனியில் அண்ணனுக்குப் பழைய இடம் இருக்கிறது. போர்மேனே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். தெரியாவிட்டால் இல்லை. மருந்து அறைக்குள் கண் தெரியாதவனை விட்டால் அவன் மட்டும் போக மாட்டான், கூட வேலை செய்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு போவான். அம்மா கேட்ட கேள்விக்குள் இத்தனையும் இருந்தது.

மூணு பேருக்கும் தங்கச்சி

உள்ளே இருப்பவரைப் பார்க்க மனு எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படிப் பார்ப்பதற்கே அங்கே மனு என்றுதான் பேர். பேர், ஊர், கைதிக்கு என்ன உறவு, மூன்றும் எழுத வேண்டும். அண்ணனுக்கு எழுதுவதில் சிக்கல் இல்லை. சுடலைக்கு அவர் பெண்சாதி வெள்ளையம்மா மதினி என் கூடவே வந்திருந்தாள். கையெழுத்துத் தெரியாது, அவளுக்கும் நான்தான் எழுதினேன். சிக்கல் சின்னய்யாவிடம். அவர் அப்பா, மகன் பேரையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் அம்மா மட்டும் முந்தின நாள் என்னைப் பின்வாசல் வழியாகக் கூப்பிட்டு, என் பிள்ளையையும் ஒரு எட்டுப் பார்த்துட்டு வா என்றார். சின்னய்யாவுக்கு நான் என்ன உறவு என்று எழுதுவது? அவர்கள் கரும்புக் காட்டில் என் அப்பா வேலை பார்த்தார் என்றா? யோசித்துப் பார்த்துவிட்டுத் தங்கை என்று எழுதினேன். போகிற போக்கில் சுடலைக்கும் ஒரு தங்கை மனு எழுதிக்கொண்டேன், மதினி அழுதால் நான் பேசலாமே என்று.

மனு வாங்குகிற குமாஸ்தா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். மூன்று பேருக்கும் மூன்று அப்பா பேர் இருக்கிறதே, நீ எப்படியம்மா மூன்று பேருக்கும் தங்கச்சி என்று கேட்டார். எங்கள் ஊர் அப்படித்தான் என்றேன். அவருக்கு என்ன தோன்றியதோ, முத்திரையைக் குத்தி நீட்டிவிட்டார்.

சாயங்காலம் ஊர் திரும்பிப் பின்வாசலில் நின்று, மகன் நன்றாக இருக்கிறார் என்று சொன்னேன். எப்படி உள்ளே விட்டார்கள் என்று அந்த அம்மா கேட்டார். தங்கை என்று எழுதினேன் என்றேன். ஒரு படி நிலக்கடலையை என் முந்தானையில் தூரமாக நின்று கொட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அங்கன மட்டும் தங்கச்சியா இருந்துக்கோ தாயி. இங்கன வேண்டாம்."

சுடலையின் ஆடு

இருபது நிமிஷம்தான் கொடுப்பார்கள். நடுவில் ஆள் நடக்கிற அளவு இடம் விட்டு இரண்டு கம்பி வலை. ஒரு பக்கம் அவர்கள், மறுபக்கம் நாம். நடுவில் வார்டர் இங்குமங்கும் நடப்பார். நம்மைப் போல இருபது முப்பது பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் மூன்று பேரையும் ஒன்றாகத்தான் கூட்டி வருவார்கள். எப்போதும் ஒரே மாதிரி நிற்பார்கள்: ஓரத்தில் சுடலை, நடுவில் சின்னய்யா, அவரை ஒட்டி அண்ணன்.

சுடலை வந்ததும் கேட்கிற முதல் கேள்வி ஆடு எப்படி இருக்கு என்பது. பெண்சாதி எப்படி இருக்கிறாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த ஆட்டை அவர் உள்ளே போன இரண்டாம் வாரமே மதினி விற்றுவிட்டாள். எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். வலைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு மதினி வாய் கூசாமல் சொல்வாள், நல்லாத் தின்னுது, கொம்பு முளைச்சிருக்கு, போன வாரம் பக்கத்து வீட்டு அகத்தியைக் கடிச்சிட்டுது என்று. மாசா மாசம் அந்த ஆடு வளர்ந்துகொண்டே போனது. சுடலை இன்னும் விவரம் கேட்பார். இருபது நிமிஷமும் ஆட்டிலேயே போய்விடும். எனக்கோ நாக்கு நுனிவரை உண்மை வந்து நிற்கும். மதினி என் காலை மிதித்துக்கொண்டே பேசுவாள்.

ஒரு நாள் மணி அடித்த பிறகும் இருவரும் விடவில்லை. ஆட்டுக்குக் குட்டி ஏதும் தங்கியிருக்கிறதா என்று சுடலை கத்த, மதினி ஆமாம் என்று பதிலுக்குக் கத்திவிட்டாள். நடுவில் நின்ற வார்டர், பாவம், அத்தனை மாசமும் கேட்டுக்கொண்டே இருந்தவர், வெளியே வந்து மதினியிடம் சொன்னார்: "அடுத்த தடவை நீ வர வேண்டாம்மா, அந்த ஆட்டை அனுப்பு. அதைப் பார்த்தா அவன் நிம்மதியாத் தூங்குவான்."

கறுப்புக் கயிறு

அவல், பொரிகடலை, கருப்பட்டி, இது மாதிரி எதையாவது கொண்டுபோனால் வாசலில் கொட்டிக் கிளறிப் பார்த்துவிட்டு உள்ளே விடுவார்கள். நாலாவது மாசம் மதினி மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு வெடித் திரி வெட்டுகிற வேலை உண்டு. மீந்த துண்டுகள் பரணிலும் கூரையிலும் செருகிக் கிடக்கும். கயிறு தேவைப்பட்டால் கை தானாக அங்கே போகும். மதினி விடியற்காலை அவசரத்தில் மூட்டையை எதால் கட்டினாள் என்று நானும் கவனிக்கவில்லை.

வாசலில் புதிதாக வந்த வார்டர். வேறு ஜில்லாக்காரர். மூட்டையை அவிழ்த்தவர் விரலைப் பார்த்தார், கறுப்பாக ஒட்டியிருந்தது. இது என்ன கறுப்புக் கயிறு என்று என்னைக் கேட்டார். கேட்டால் பதில் சொல்லத்தானே வேண்டும். இது கயிறு இல்லை, திரி, வெடிக்கு வைக்கிறது, பற்ற வைத்தால் சரசரவென்று போகும் என்றேன். எவ்வளவு வேகமாகப் போகும் என்றுகூடச் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் விசில் ஊதிவிட்டார்.

பிறகு நடந்ததை நீங்களே நினைத்துப் பாருங்கள். எதற்காக உள்ளே இருக்கிறார்கள் என்று ஏட்டைப் புரட்டினார்கள், வெடி கேஸ். அவலும் கருப்பட்டியும் வாளித் தண்ணீரில் முங்கின. எங்களை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துப் பெரிய அதிகாரி வரும்வரை விடவில்லை. அவர் நல்ல மனுஷன். எங்கள் இரண்டு பேர் மூஞ்சியையும் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டு போகச் சொன்னார். ஆனால் அந்த மாசத்து மனு ரத்து.

அன்றைக்கு அம்மாவுக்குக் கொண்டுபோக என்னிடம் பதில் இல்லை. அவள் முழுசாக அடுக்கி முடித்திருந்த ஒரு சட்டத்தைப் பிரித்துக் கொட்டி மறுபடி முதலிலிருந்து அடுக்கினாள். அதற்கு முன்பே, விருதுநகரில் ரயிலைவிட்டு இறங்கும்போது, மதினி என்னைத் திரும்பிப் பார்த்துச் சொல்லியிருந்தாள்: "ஏட்டி, ஆமா கயிறுதான்னு சொல்லித் தொலைச்சிருந்தா ஒன் வாயி வெந்தா போயிருக்கும்?"

யாரிடமோ பேசினான்

அடுத்த மாசம் சீக்கிரமே போய்விட்டேன். கூட்டம் முண்டியதில் நான் வழக்கமாக நிற்கிற இடத்தில் வேறொரு அம்மா நின்றுகொண்டாள். கோவில்பட்டிப் பக்கத்து ஆள், தன் தம்பியைப் பார்க்க வந்தவள். நான் இரண்டு ஆள் தள்ளி நின்றேன். அன்றைக்குச் சின்னய்யாவுக்கு முதலில் வேறு எங்கோ வேலை இருந்ததால் அண்ணனும் சுடலையும் மட்டும் முன்னால் வந்தார்கள். அண்ணன் நேராக வலைக்கு வந்தான். அந்த அம்மாவைப் பார்த்து, பாக்கியம், அம்மா நேரத்துக்குச் சாப்பிடுதாளா, மழை பெய்ஞ்சிச்சா, கூரைக்கு ஓலை மாத்தியாச்சா என்று வரிசையாகக் கேட்டான். பாக்கியம் நான். இந்தப் பக்கம் நான் அண்ணே அண்ணே என்று கத்துகிறேன். அங்கே இருந்த சத்தத்தில் என் சத்தம் எடுபடவில்லை. அந்த அம்மாவும் விட்டேனா என்று, நல்லாப் பேஞ்சிச்சு தம்பி, கம்மா பாதி நிறைஞ்சிருக்கு என்று தன் ஊர் மழையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூன்று மணிக்கு எழுந்து வந்தவள் நான், பேச்சு யாருக்கோ. இடித்துக்கொண்டு நடுவில் போய் நின்று, கண்ணு தெரியுதா தெரியலையா, அம்மா கேட்டுட்டு வரச் சொன்னா என்று கத்தினேன். அண்ணன் சிரித்தான். தெரியுது, நல்லாத் தெரியுது, இங்கன இருட்டு, அதான் என்றான். உண்மையிலேயே அங்கே இருட்டுதான். வெயிலிலிருந்து போனால் எனக்கே கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. நானும் விட்டுவிட்டேன். வெளியே வந்து தண்ணீர்க் குழாயில் அந்தக் கோவில்பட்டி அம்மா என் பக்கத்தில் நின்று கால் கழுவினாள். அவள்தான் சொன்னாள்: "ஒங்க அண்ணன் நல்லாப் பேசுறாரு தாயி. ஆனா அம்புட்டு நேரமும் என் மூஞ்சியப் பாக்கவே இல்ல."

மயில்

அது என் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. அதனால் அடுத்த மாசம் ஒரு சோதனை வைத்தேன். தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து நாலைந்து லேபிள் எடுத்துக்கொண்டு போனேன். தீப்பெட்டிப் படம்தானே என்று வார்டர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். வலைக்கு முன்னால் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, இது என்ன சொல்லு என்றேன். கொஞ்சம் பொறுத்து, சேவல் என்றான். சரி. அடுத்தது ரோஜா. அதுவும் சரி. எனக்கு அந்த இடத்திலேயே குதிக்கலாம் போல இருந்தது. பின்னாலிருந்து யாரோ தள்ளினார்கள், தடுமாறிக்கொண்டே மூன்றாவதைத் தூக்கினேன். மயில் என்றான். அதுவும் சரி. மணி அடித்துவிட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் நானும் அண்ணனும் வீட்டில் உட்கார்ந்து பெட்டிக்கு லேபிள் ஒட்டுவோம். தலைகீழாக ஒட்டின பெட்டியைக் கம்பெனியில் எடுக்க மாட்டார்கள், திருப்பி அனுப்புவார்கள். அது திரும்பி வருவதற்கு முன்பே அண்ணன் கை என் தலையில் வந்துவிடும். தலைகீழ் லேபிளைக் கண்டால் அவனுக்கு உடம்பு கூசும். பெட்டிக்கடையில் பீடி வாங்கப் போனவன், அங்கே தொங்கின தீப்பெட்டியில் படம் தலைகீழாக இருக்கிறது என்று கடைக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறான்.

ரயிலில் எனக்கு ஒரே சந்தோஷம். மதினிக்கு முன்னால் லேபிளை ஒவ்வொன்றாக எடுத்து, இப்படிப் பிடித்தேன், உடனே சொல்லிவிட்டான் என்று நடித்துக் காட்டினேன். சேவல், ரோஜா, அப்புறம் மயில். மதினி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் லேபிள் ஒட்டிப் பிழைத்தவள்தான். சிரிக்கவில்லை. மெதுவாகக் கேட்டாள்: "மயிலத் தலைகீழால்ல பிடிச்சிருந்த? ஒங்க அண்ணன் அதப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே பாக்கியம்."

ஒரே வரிசை

அடுத்த மாசம் அண்ணனுக்கு மனு எழுதவில்லை. சின்னய்யாவுக்கு மட்டும் எழுதினேன். தங்கை. அவர் தனியாக வந்து நின்று, மாரியப்பனுக்கு மனு இல்லையா என்றார். நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை. மயில் தலைகீழாக இருந்தது, பக்கத்தில் நின்ற நீங்களாவது அதையும் சேர்த்து அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. லேபிள் ஒட்டாத கை, அதில் தலை எது கால் எது என்று அவருக்கு என்ன கவலை? பிறகு புரிந்துகொண்டு, சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னார். இடது கண்ணில் ஒன்றும் இல்லை. வலது கண்ணில் வெயிலும் நிழலும் மட்டும் தெரிகிறது. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வரிசையில் போகும்போது அண்ணன் இவர் தோளைப் பிடித்துக்கொண்டு போகிறான். கயிறு திரிக்கிற கொட்டகையில் இவரைவிட அண்ணன் கை வேகம். சாப்பாட்டுக்கு இவர் பக்கத்தில்தான் உட்காருகிறான், தட்டில் எது எங்கே இருக்கிறது என்று இவர் சொல்கிறார். எங்கள் தெரு ஆளுக்குத் தண்ணீரைக்கூட உயரத் தூக்கி ஊற்றுகிற வீட்டில் பிறந்தவர் அதை என்னிடம் சொன்னார். சேவலும் ரோஜாவும் மயிலும் அவர் வாய்க்குள் முணுமுணுத்ததுதான். அண்ணனே கேட்டுக்கொண்டானாம், வீட்டில் சொல்ல வேண்டாம், வெளியே வருகிறவரை அம்மா தூங்கட்டும் என்று.

மணி அடிக்கிற நேரத்தில் அவர் வலைக்குக் கிட்டே வந்து சொன்னார்: "ஒங்க அம்மாட்ட கண்ணப் பத்திச் சொல்லாத. எங்க அம்மாட்ட, நானும் அவனும் ஒரே வரிசையில ஒக்காந்து சாப்பிடுறதச் சொல்லாத. ரெண்டையும் வெளிய வந்து நாங்களே சொல்லிக்கிடுறோம்."

போர்மேன் கேட்டார்

வீட்டுக்குப் போனதும், தெரியுது என்று அம்மாவிடம் சொன்னேன். மனுவில் தங்கை என்று எழுதினதை விட்டுவிட்டால், தெரிந்தே நான் சொன்ன முதல் பொய். அம்மா என் முகத்தைப் பார்த்தாள், பிறகு அடுப்பைப் பார்த்தாள். அதற்கடுத்த மாசம் கிளம்பும்போது அவள் கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. சாப்பிடுதானான்னு கேட்டுட்டு வா என்றாள். அதற்கும் அடுத்த மாசமும் அதேதான். தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் புத்தி அவ்வளவுதான்.

ஆடி பிறக்கிற சமயம். பட்டாசுக் கம்பெனிக்கு சீசன். கம்பெனி போர்மேன் சைக்கிளில் வந்து வழியில் என்னை நிறுத்தினார். தாயில்பட்டிப் பக்கத்துக்காரர், கையில் இரண்டு விரல் கிடையாது. உங்கள் அண்ணன் அடுத்த மாசம் வந்துவிடுவானே, ஆர்டர் குவிந்து கிடக்கிறது, மருந்து அறைக்கு அவனைத்தான் நம்பியிருக்கிறேன், கண் எப்படி என்று கேட்டார். அம்மாவிடம் சொன்ன பொய் வாய்வரை வந்தது. பழைய இடம், பழைய சம்பளம், எல்லாம் கண் முன்னால் வந்து போனது. கூடவே அந்த அறையில் வேலை பார்க்கிற ஆட்களும் வந்து போனார்கள். அதில் இரண்டு பேர் என்னோடு படித்தவர்கள். கண் தெரியாது என்று சொல்லிவிட்டேன். ஒரு கண் சுத்தமாகப் போச்சு, இன்னொன்று நிழல்தான், அவன் தெரிகிறது என்று சொன்னாலும் நம்பாதீர்கள் என்றேன்.

அவர் சைக்கிளைவிட்டு இறங்கி ஸ்டாண்டு போட்டார். அண்ணன் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். உள்ளே அவனுக்கு என்ன வேலை என்று கேட்டார். கயிறு திரிக்கிறான், கை வேகம் என்றேன். மருந்து வாசனையே வராத தூரத்தில், வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிற ஷெட் ஒன்று தனியாக இருக்கிறது. அதைப் பற்றிச் சொன்னார், சம்பளம் பாதிதான் வரும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஏறி மிதிக்கும்போது திரும்பிப் பார்த்தார்: "கொழாய் உருட்டக் கண்ணு எதுக்கு, கை போதும். ஆனா இத ஒங்க அம்மாட்ட நான் சொல்ல மாட்டேன், அது ஒன் பாடு."

சேலை

நன்னடத்தைக்காகத் தண்டனையில் ஒரு மாசத்தைக் குறைத்து மூன்று பேரையும் ஒன்றாகவே விட்டார்கள். முந்தின நாள் அம்மா, நானும் வாரேன் என்றாள். சத்தியம் என்ன ஆச்சு என்று கேட்டேன். வாசலை மிதிக்க மாட்டேன்னுதான் சொன்னேன், வாசலுக்கு எதிர்க்க நிக்க மாட்டேன்னா சொன்னேன் என்றாள். சொன்னபடியே ரோட்டுக்கு இந்தப் பக்கம் வேப்ப மரத்தடியில் நின்றாள். ஒரு அடி முன்னால் வைக்கவில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு வாடகைக் கார் நின்றது. கண்ணாடிக்குள் சின்னய்யாவின் அம்மா தெரிந்தார். இறங்கவில்லை.

அம்மா கட்டியிருந்தது அவளுடைய பச்சைச் சேலை. முதல் சம்பளத்தில் தீபாவளிக்கு அண்ணன் எடுத்துக் கொடுத்தது. அவன் கைப்பட வாங்கியது, அவன் கண் முன்னால் நாலு வருஷம் கட்டியது. பச்சை என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும். வெளுத்து, மருந்துக் கறை ஏறி, கரையில் தீப்பொறி பட்ட ஓட்டையைக் கறுப்பு நூலால் தைத்திருந்தாள். ரயிலேறுவதற்கு முன், வேறு சேலை இல்லையா என்று நான்கூடச் சண்டை போட்டேன்.

சின்னக் கதவு திறந்தது. முதலில் சுடலை வந்தார், ஆடு எங்கே என்று கேட்டார். நேத்துத்தான் செத்துச்சு என்றாள் மதினி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. அடுத்து சின்னய்யா வந்தார். அவர் தோளில் அண்ணன் கை. அந்தக் கார் நிற்பதை அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, தோளில் இருந்த கையோடேயே ரோட்டைத் தாண்டி எங்களிடம் வந்தார். அண்ணன் காதில் ஏதோ சொன்னார். அம்மா நிக்காக என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அம்மா வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு அவனே முதலில் பேசட்டும் என்று நின்றாள் போலிருக்கிறது.

அண்ணன் தலையைச் சரியாக அம்மா பக்கம் திருப்பினான். தனக்குத் தெரிகிறது என்று காட்ட ஏதாவது சொல்ல வேண்டுமே. மேலும் கீழும் பார்க்கிற மாதிரி தலையை அசைத்தான். முகம் நிறையச் சிரித்துக்கொண்டு, "என்னம்மா, சேலை புதுசா?" என்றான்.

சின்னய்யா தரையைப் பார்த்தார். வண்டிகள் போயின, வந்தன. அம்மா அந்தச் சேலையின் முந்தானையை ஒரு தரம் கையில் எடுத்துப் பார்த்தாள், விட்டாள். சின்னய்யா தோளிலிருந்து அண்ணன் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். முதல் மாசமே தெரிந்த ஒன்றைச் சொல்கிறவள் மாதிரி, குரல் கொஞ்சமும் மாறாமல் சொன்னாள்: "ஆமய்யா. நீ வாரேன்னுதான் எடுத்தேன்."

பதினோரு மாசத்தில் அந்த ஜெயில் வாசலில் எங்கள் ஊர்க்காரர்கள் உண்மை பேசியது ஒரே ஒரு தடவைதான், திரியைத் திரி என்று நான் சொன்னபோது; அன்றைக்குப் பார்த்துத்தான் மனுவை ரத்துப் பண்ணினார்கள்.